மூத்தவன் மேல் போட்ட ஜுரம்

என் இளைய மகனுக்கு டைபாய்டு வந்ததற்குப் பெரும்பாலும் நான்தான் காரணம். அதை மறைப்பதற்காகப் பழியை மூத்த மகன் மேல் போட்டேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான் சொன்னதை அவன் நம்பினான்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நான்கு குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஒரு போர்ஷனில் நாங்கள் இருந்தோம். நான், என் மனைவி, இரண்டு பையன்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, செருப்பு விடுவதற்கு ஒரு நடை. தியாகராய நகரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. விடியற்காலையில் எழுந்து முற்றத்து அடிபம்பில் எட்டு வாளி தண்ணீர் அடிப்பேன். தாமதித்தால் மற்ற குடித்தனக்காரர்கள் வந்துவிடுவார்கள். பிறகு குளியல், சந்தியாவந்தனம், சாப்பாடு, பஸ். சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். எனக்கு முப்பத்தாறு வயதுதான். ஆனால் அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது தோள்பட்டை வலி.

பக்தி எங்கள் வீட்டில் ஒரு வேலை. பால் வாங்குவது, ரேஷன் கடைக்குப் போவது, அதுபோல அதுவும் ஒன்று. என் மனைவிக்கு அப்படி இல்லை. அவள் அடுப்படியில் இருந்தபடியே கடவுளோடு சண்டை போடுவாள், சமாதானம் ஆவாள். எனக்கு அந்தச் சகஜம் வந்ததே இல்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தால் சரி என்று இருந்தேன். மூத்தவனுக்கு எட்டு வயதில் பூணூல் போட்டோம். காலையும் மாலையும் பஞ்சபாத்திரத்து நீரை வைத்துக்கொண்டு அர்க்கியம் விட்டு, நூற்றெட்டுத் தரம் காயத்திரி சொல்ல வேண்டும். நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டான்.

அந்த வருஷம் பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் அன்று சின்னவனை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அவனுக்கு ஐந்து வயது. பெரியவனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை, வீட்டிலேயே இருந்தான். வாசலில் என் மனைவி சொன்னாள்: "வெளியில ஒண்ணும் வாங்கிக் குடுத்துடாதீங்கோ. நீர்மோரும் வேண்டாம், பானகமும் வேண்டாம். ஜலம் எங்கேந்து பிடிக்கறான்னு யாருக்குத் தெரியும்?"

சரி என்றேன்.

கூட்டத்தில் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். வெயில். முதலில் பலூன் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன், வெடித்தது. பிறகு தண்ணீர் கேட்டான். பிறகு அழ ஆரம்பித்தான். என் காதுக்குப் பக்கத்தில், என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். வீதி முனையில் கரும்புச் சாறு வண்டி நின்றது.

"இன்னா சாமி, புள்ள கத்திக்கினு கீது, நீ பாட்டுக்கு நிக்கிற?" என்றார் வண்டிக்காரர். "ஒரு கிளாஸ் குடு, அடங்கிடும்."

"ஐஸ் போடாம குடுப்பா."

"ஐஸ் இல்லாங்காட்டி கசாயம் மாரி இருக்கும் சாமி. நீயே பாரு, கண்ணாடி மாரி கீது." கோணிச் சாக்கை விலக்கி, மரத்தூள் ஒட்டியிருந்த ஐஸ் கட்டியைக் காட்டினார். பக்கத்து வாளித் தண்ணீரில் அதை ஒரு முக்கு முக்கி எடுத்து உடைத்தார். அந்த வாளியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

சின்னவன் இரண்டு கிளாஸ் குடித்தான். நான் ஒன்று. திரும்பும் வழியில், "அம்மாகிட்ட சொல்லப்படாது, என்ன?" என்றேன்.

"சொல்ல மாட்டேன்" என்றான். சொல்லவும் இல்லை.

இரண்டு வாரத்துக்குள் அவனுக்கு ஜுரம் கண்டது. நான்காம் நாள் டாக்டர் வீட்டுக்கு வந்து, நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். "வெளியில ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"நான் வெளியில ஒண்ணும் குடுக்கவே மாட்டேன் டாக்டர்" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்த்தாள். நானும் இல்லை என்று தலையசைத்தேன்.

"அப்படின்னா வீட்டுத் தண்ணிதான். இனிமே எல்லாத்தையும் கொதிக்க வெச்சுக் குடுங்கம்மா."

அன்றிலிருந்து அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தாள். குடத்தைத் தேய்த்தாள், தேய்த்த குடத்தை மறுபடி தேய்த்தாள். பார்லிக் கஞ்சி கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள். பத்தாம் நாள் ஜுரம் நூற்று நான்கு. சின்னவன் யாரையும் அடையாளம் தெரியாமல் முனகிக்கொண்டு கிடந்தான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஜலத்தைக் குடுத்தேன்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவளைப் பார்க்கவும் தாங்கவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அப்போது மூத்தவன் முற்றத்திலிருந்து உள்ளே வந்தான். நெற்றியில் புதிதாக விபூதி. சாயங்காலச் சந்திக்கு என்று போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கணக்குப் பரீட்சை சமயத்திலிருந்தே அவன் சில நாள் நீரைத் துளசித் தொட்டியில் கொட்டிவிட்டு எழுந்துவிடுகிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வயதில் அதையேதான் செய்தேன். அதனால்தான் கண்டும் காணாமல் இருந்தேன்.

"உன்னைக் கேட்டுக்காதே" என்றேன் மனைவியிடம். "உம் பிள்ளையைக் கேளு. ஜலத்தைத் துளசியில கொட்டிட்டு, விபூதியை இட்டுண்டு வந்து நிக்கறான் பாரு. ஸ்வாமியை ஏமாத்தினா அது ஆத்துல யார் தலையிலயாவதுதான் விடியும்."

"ஏன்னா, குழந்தையைப் போய்..."

"பொய்யா சொல்றேன்? அவனையே கேளு."

"ரெண்டு மூணு நாள்தான்ப்பா" என்றான் அவன். "பரீட்சைக்குப் படிக்கணும்னு..."

"ரெண்டு நாள் போறாதா?" என்று படுக்கையைக் காட்டினேன்.

அவன் தம்பியைப் பார்த்தான். முற்றத்துக்குத் திரும்பிப் போய், கால் கழுவி, மறுபடி உட்கார்ந்தான். அன்று அவன் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாளும் அப்படியே. என் மனைவி அதன் பிறகு தன்னைக் கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். அந்த அளவில் நான் நினைத்தது நடந்தது.

ஒரு வாரம் கழித்து ஜுரம் இறங்கியது. டாக்டர் கொடுத்த மாத்திரைகளால்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மூத்தவன் கணக்கில் கெட்டிக்காரன். தான் விட்டபோது ஜுரம் வந்தது, தான் விடாமல் செய்தபோது ஜுரம் போனது. அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

பிறகு அவன் ஒரு வேளைகூட விடவில்லை. நடுவில் எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். கொசு கடித்தால், யாராவது கூப்பிட்டால், மறுபடி ஒன்றிலிருந்து. சந்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டே ஜன்னலில் வந்து கத்துவார்கள்: "டேய், வரியா இல்லியா? பௌலிங் போட ஆளே இல்லடா!" இவன் வாயைத் திறக்காமல் விரலால் நாற்பது என்று காட்டுவான். "இன்னும் நாப்பதா? அதுக்குள்ள டெஸ்ட் மேட்ச்சே முடிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் வகுப்புக்கு வெளியே நின்றான். இளைத்துப் போனான்.

வீட்டுக்கு வந்த உறவினர்கள் வியந்தார்கள். "இந்த வயசுல இப்படி ஒரு சிரத்தையா! என்ன சொல்லி வளர்த்தேள்?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவனுக்கு அது தானா வந்துடுத்து" என்றேன். நான் சொன்ன பொய்களில் இன்று நினைத்தாலும் உடம்பு கூசுவது இதற்குத்தான். மற்றவை பயத்தில் வந்தவை. இது பெருமையில் வந்தது.

"அவன் குழந்தை மாதிரியே இல்லைன்னா" என்றாள் மனைவி ஒரு நாள். நல்லதுதானே என்றேன். உண்மையில் எனக்கு அது வசதியாக இருந்தது. அதட்ட வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. அலுவலகத்திலிருந்து வந்தால் ஒரு பையன் அடங்கி உட்கார்ந்திருப்பான். களைத்தவனுக்கு அது பெரிய விஷயம்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, நடையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பையன்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பம்பரத்தைக் குடு" என்றான் சின்னவன்.

"அது என்னோடது. உனக்குத்தான் அப்பா வேற வாங்கித் தந்திருக்காரே."

"குடுக்கலேன்னா எனக்கு ஜுரம் வரும்."

"வராது" என்றான் பெரியவன்.

"வரும். இப்பவே தலை வலிக்கறது. இன்னிக்கு நீ சீக்கிரம் எழுந்துட்டே. நான் பாத்தேன்."

"எழுந்துக்கலை. நூத்தெட்டும் பண்ணினேன்."

"தொட்டுப் பாரு, சுடறது."

பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது. "இந்தா. இன்னும் வலிக்கறதா?"

"இல்லை. போயிடுத்து!"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கோலிகள், பென்சில் பெட்டி, பண்டிகைக்கு வாங்கிய பேனா, எல்லாம் ஏன் சின்னவனிடம் இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. சின்னவனை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவன் என் வாயிலிருந்து கேட்டதைத்தானே திருப்பிச் சொன்னான்? படுக்கையில் கிடந்தபோதே காதில் விழுந்திருக்கலாம். பிறகு நாங்கள் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டிருக்கலாம்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கடவுளிடம் பயம் இருந்ததா என்று தெரியாது, மனைவியிடம் இருந்தது. ஒரு மாதம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாற்றில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் பெரியவனை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. நான் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். உற்சவம், வெயில், வண்டி, வாளி, ஐஸ், எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்கு ஜுரம் வந்தது உன்னால் இல்லை, என்னால் என்றேன்.

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "நீங்க எத்தனை கிளாஸ் குடிச்சேள்?" என்றான்.

"ஒண்ணு."

"உங்களுக்கு வரலையே."

"எனக்கு உடம்பு பழகினதுடா."

"அங்க இன்னும் எத்தனை பேர் குடிச்சா?"

"நிறையப் பேர் குடிச்சா."

"அவாத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஜுரம் வந்துதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலையசைத்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. எல்லாரும் குடித்த சாற்றில் இவன் தம்பிக்கு மட்டும் ஏன் வந்தது என்பதற்கு அவனிடம் ஏற்கெனவே பதில் இருந்தது. அந்தப் பதிலைக் கொடுத்தவனே நான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"சொல்லாதீங்கோ. அம்மா அழுவா."

பஸ் வந்தது, ஏறினோம். பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அவன் தலையில் இன்னொன்றை ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

சொல்லிப் புரியவில்லை, செய்து காட்டலாம் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து என் சந்தியாவந்தனத்தை நிறுத்தினேன். ஒரு வாரம் விட்டுவிட்டு, பார், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவனிடம் சொல்வதாகத் திட்டம். "என்ன, நீங்க உக்காரலையா?" என்று மனைவி கேட்டாள். இடுப்பு வலி, உட்கார முடியவில்லை என்றேன்.

நான்காம் நாள் காலை தண்ணீர் அடித்து முடித்து வந்தபோது, பெரியவன் துளசித் தொட்டி அருகே எழுந்து நின்று நமஸ்காரம் செய்து முடித்தான். நான் வாளியை உள்ளே வைத்துவிட்டு வந்து பார்த்தால், மறுபடி உட்கார்ந்து ஆசமனத்திலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தான்.

"இப்பத்தானேடா முடிச்சே?"

"அது என்னோடது. இது உங்களோடது" என்றான். "உடம்பு முடியாதவாளுக்கு ஆத்துல இருக்கறவா பண்ணலாமாம். எனக்குப் பூணூல் போட்டு வெச்ச வாத்தியார் மாமாகிட்ட கேட்டேன்."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே."

"இடுப்பு வலின்னேளே."

அவன் குரலில் குறையே இல்லை. இன்னும் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் எப்படிக் கொண்டுவருவானோ, அப்படி இருந்தது. நான்கு நாளாக அவன் காலையில் எவ்வளவு முன்னால் எழுந்திருக்கிறான் என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டேன். பையன்கள் இருவரும் சமையலறையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிலைப்படியில் நின்றுகொண்டு, பையன்களுக்கு எதிரிலேயே, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டபோது தலையசைத்ததையும் சொன்னேன்.

நான் முடிப்பதற்குள் சின்னவன் குதித்தான்: "ஆமாம்மா, ரெண்டு கிளாஸ்! ஐஸ் போட்டு! நான் சொல்லவே இல்லை பாத்தியா!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெரியவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "வேளைக்கு எத்தனை பண்றே?"

"நூத்தெட்டு. இப்போ அப்பாவுக்கும் நூத்தெட்டு."

"இனிமே பத்து. முடியாதவா பத்து பண்ணினாப் போதும்னு சாஸ்திரத்துலயே இருக்கு. அப்பாவோடதை அப்பா பண்ணிப்பார். மீதி என் பொறுப்பு."

"நீ எப்படிம்மா பண்ணுவே?"

"அது எனக்கும் ஸ்வாமிக்கும் இருக்கற பேச்சு. உனக்கென்ன அதுல? ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் யோசித்தான். "பதினஞ்சு பண்ணட்டுமா?"

"பத்து."

அப்போதுதான் அவன் அழுதான். அந்த ஒரு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. சாதக் கையோடு அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சின்னவன் ஒன்றும் புரியாமல் எழுந்து போய், பெட்டியிலிருந்த பம்பரத்தைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

நான் காரணம் சொன்னேன், நிரூபிக்கப் பார்த்தேன், இரண்டும் பலிக்கவில்லை. அவள் காரணமே கேட்கவில்லை, பொறுப்பை வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னதில் எவ்வளவு சாஸ்திரம் என்று எனக்குத் தெரியாது. அவன் நம்பினான். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில சாயங்காலங்களில் திருட்டுத்தனமாக முப்பது, நாற்பது என்று போவான். அவள் உள்ளிருந்து பாத்திரத்தைத் தட்டி, "டேய், போறும்" என்று கத்துவாள். அடுத்த கோடைக்குள் சந்தில் பௌலிங் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னோடு அவள் ஒரு மாதம் நேராகப் பேசவில்லை. "அப்பாகிட்ட சொல்லு, மண்ணெண்ணெய் தீந்துடுத்துன்னு" என்று பையன்கள் மூலமாகத்தான் பேச்சு. பிறகு பேசினாள். ஆனால் நான் என்ன சொன்னாலும், பையன்களிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பல வருஷம் கழித்து, பையன்கள் வளர்ந்த பிறகு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒரு நாள் பூரா கத்தியிருப்பேன். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். அந்த ஒரு நாள் கத்தலுக்குப் பயந்துதான் ஒரு குழந்தையின் ஒரு வருஷத்தைக் கொடுத்தேன். இப்போது அவள் இல்லை.

மூத்தவன் அதைப் பற்றி என்னிடம் பிறகு பேசியதே இல்லை. ஒரு மரியாதைக் குறைவும் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் அவன் ஓயாமல் கேட்பவன். மழை எப்படி வருகிறது, ஸ்வாமிக்குத் தூக்கம் வருமா, செத்துப்போனால் எங்கே போவோம், என்று அலுவலகம் விட்டு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொள்வான். தொல்லையாக இருக்கும். அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. அம்மாவிடம் கேட்டான், பள்ளிக்கூடத்தில் கேட்டான், பிறகு புத்தகங்களில் தேடினான். என்னிடம் வரவில்லை.

இன்று நான் அவனோடுதான் அடையாற்றில் இருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். அவனுடைய பிள்ளைக்குப் பூணூல் போட்டபோது, சந்தியாவந்தனம் நான் சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். அதைத் தப்பில்லாமல் சொல்லித்தர எனக்குத் தெரியும், அதில் பயமுறுத்தல் எதுவும் இருக்காது என்று சொல்லத்தான் நினைத்தேன். அது வாயில் வரவில்லை.

"வேண்டாம்ப்பா, நீங்க எதுக்குச் சிரமப்படணும்?" என்றான் மெதுவாக. "நானே சொல்லித் தரேன்."

சரி என்றேன். அவன் சொன்னது நியாயம்தான்.